என்ன ஜாதி நாய் சார் இது?

நாய்க் காப்பகத்துக்குப் போய், கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டு "இது என்ன ஜாதி?" என்று கேட்பதை நாம் நிறுத்த வேண்டும். சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்பதற்குத்தான் மிச்சப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் காபி எடுத்துக்கொண்டு வரவும்.

இதைப் பேச உனக்கு என்ன தகுதி என்பீர்கள். குருகிராமில் குப்பை கொட்டுகிற ஆள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஒரு காப்பகத்துக்குப் போய் நாய்களைக் குளிப்பாட்டுவேன், மருந்துக் கணக்கு எழுதிக் கொடுப்பேன். அது தெரிந்துபோனதால், சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் யாருக்கு நாய் ஆசை வந்தாலும் போன் எனக்குத்தான் வரும். எல்லா போனும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்.

"அண்ணா, பாப்பா ரொம்ப நாளா நாய் கேக்குறா. எங்க ஃப்ளாட் சின்னதுண்ணா, அதனால சின்ன நாயாத்தான் வேணும். ஷிட்ஸு கிடைக்குமா? இல்லன்னா லாசா. பொமரேனியன்னாலும் ஓகே. கிராஸ் மட்டும் வேண்டாம்ணா."

அந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, அதில்தான் எனக்கு வயிறு எரியும்.

யோசித்துப் பாருங்கள். நம் மொழியில் உயர்ந்த நாய்க்குப் பெயரே 'ஜாதி நாய்'. மற்றதெல்லாம் தெரு நாய். வாடகைக்கு வீடு தேடும்போது நம்மிடம் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால் கோபம் வருகிறது. இந்த ஊரில் நாகர்கோவில்காரனையும் நெல்லூர்காரனையும் பாலக்காட்டுக்காரனையும் மூஞ்சியைப் பார்த்தே 'மதராஸி' என்று ஒரே மூட்டையில் கட்டுகிறார்களே, அதற்கும் கோபம் வருகிறது. கூண்டுக்குள் இருக்கிற நாலு கிலோ ஜீவனிடம் மட்டும் அதே கேள்வியை, அதே மாதிரி மூஞ்சியைப் பார்த்துக் கேட்கிறோம்.

தத்துவத்தை விடுங்கள். என் முதல் வாதம் அதுவே இல்லை. என் முதல் வாதம் ரொம்ப எளிது. அந்தக் கேள்விக்கு அங்கே யாருக்கும் பதில் தெரியாது.

அட்டையில் எழுதியிருக்கே?

எழுதியிருக்கும்தான். "பெண். வயது சுமார் 4. ஷிட்ஸு கலப்பு." கூண்டில் தொங்கும் அட்டையில் இப்படி இருக்கும். இது எப்படி எழுதப்படுகிறது என்று சொல்கிறேன்.

ராத்திரி யாரோ காப்பகத்து கேட்டில் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அல்லது சந்தையோரம் சுற்றிக்கொண்டிருந்தது என்று ஒருவர் ஆட்டோவில் கொண்டுவருவார். முடியெல்லாம் சிக்குப் பிடித்து, சடை சடையாகத் தொங்கி, உள்ளே உண்ணி அப்பியிருக்கும். சீப்பெல்லாம் அதில் இறங்காது. மெஷின் வைத்து மொட்டை அடிப்பதுதான் ஒரே வழி. மொட்டை அடித்து மேஜை மேல் நிறுத்தினால், வந்த நாய்க்கும் நிற்கும் நாய்க்கும் சம்பந்தமே இருக்காது. வெளுத்த தோல், துருத்திய விலா எலும்பு, பெரிய கண்கள். அந்த நேரத்தில்தான் படிவம் எழுதுகிற பையன் தலையை நிமிர்த்தாமல் "பிரீட்?" என்பான். படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கிறது, எதையாவது எழுதியாக வேண்டும். பக்கத்தில் நிற்பவர் "ஷிட்ஸு மிக்ஸ்னு போடு" என்பார். அவ்வளவுதான். நாயின் கூடவே பெற்றோர் பெயர் போட்ட சீட்டு எதுவும் வந்திருக்காது. ஜாதகமே இல்லாத பிள்ளைக்கு நட்சத்திரம் சொல்கிற கதை.

இது நம் ஊர் அலட்சியம், வெளிநாட்டில் சரியாகச் செய்வார்கள் என்று நினைக்கிறவர்களுக்காக வெளிநாட்டுக் கணக்கையே தருகிறேன்.

2009-ல் கலிஃபோர்னியாவில் விக்டோரியா வாய்த் என்ற கால்நடை மருத்துவரும் அவர் குழுவும், காப்பகங்களிலிருந்து தத்துப் போன 20 கலப்பு நாய்களை எடுத்துக்கொண்டார்கள். காப்பகம் என்ன இனம் என்று சொன்னது, டி.என்.ஏ. சோதனை என்ன சொல்கிறது என்று ஒப்பிட்டார்கள். காப்பகம் இனம் குறிப்பிட்டிருந்த நாய்களில் கால்வாசியில்தான், அது சொன்ன ஒரு இனமாவது டி.என்.ஏ.வில் முதன்மையான இனமாக வந்தது. முக்கால்வாசி தவறு.

சரி, காப்பகத்து ஆட்களுக்கு விவரம் பத்தாது என்று வைத்துக்கொள்வோம். அதே குழு 2013-ல் அதே 20 நாய்களின் ஒரு நிமிட வீடியோவை, நாய்களோடு தொழில்முறையில் பழகும் 900-க்கும் மேற்பட்டவர்களிடம் காட்டியது. 20-ல் 14 நாய்களுக்கு, பாதிப் பேர்கூட டி.என்.ஏ.வோடு ஒத்துப்போகும் பதில் சொல்லவில்லை. வெறும் 7 நாய்களில்தான் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே இனத்தைச் சொன்னார்கள். அதிலும் 3 நாய்களில், எல்லோரும் சேர்ந்து சொன்னது தவறு!

நியாயமாக இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். 2018-ல் அரிசோனாவிலும் கலிஃபோர்னியாவிலும் இரண்டு காப்பகங்களில் 900-க்கும் மேற்பட்ட நாய்களைச் சோதித்தார்கள். அங்கே ஒரு காப்பகத்து ஊழியர்கள், மூன்றில் இரண்டு பங்கு நாய்களில் ஏதாவது ஒரு இனத்தைச் சரியாகச் சொல்லியிருந்தார்கள். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த நாய்களில் சராசரியாக மூன்று இனங்கள் கலந்திருந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைச் சரியாகச் சொன்னது பத்தில் ஒரு பங்குதான். மொத்தம் 125 இனங்களின் சாயல் கிடைத்தது. அதிகம் வந்த மூன்றில் இரண்டு நம் சின்ன நாய்கள்: சிவாவா, பூடில். தூய இனம் என்று சொல்லத்தக்கவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

இன நாய்கள் கொட்டிக் கிடக்கும் அமெரிக்காவில் இந்த நிலை. இங்கே என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

மீசை இருந்தா டெரியரா?

ஏன் கண் இப்படி ஏமாறுகிறது? இதற்கும் தெளிவான விடை இருக்கிறது.

நாய்க்குச் சுமார் 20,000 மரபணுக்கள். ஒரு சின்ன நாயைப் பார்த்ததும் நாம் எதை வைத்து இனம் சொல்கிறோம்? முடி நீளமா, சுருளா, மீசை தாடி இருக்கிறதா, உருவம் சிறுசா, கால் குட்டையா. 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மூன்று மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று காட்டியது. ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு, ஒன்று மீசை தாடிக்கு. உருவம் சிறுத்துப்போவதில் ஐ.ஜி.எஃப்.1 என்ற ஒரு மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது 2007-லேயே தெரிந்துவிட்டது. குட்டைக் கால் இன்னொரு மரபணுவின் உபரி நகலால் வருவது. ஆக, இருபதாயிரத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலதைப் பார்த்து மொத்த ஜாதகத்தையும் கணிக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நீள முடி ஒடுங்கிய பண்பு, அப்பா அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். மீசை தாடி ஓங்கிய பண்பு, ஒரு பக்கமிருந்து வந்தாலே போதும். எனவே அப்பா ஷிட்ஸு, அம்மா தெரு நாய் என்றால், குட்டிகள் பெரும்பாலும் குட்டை முடியும் மீசையுமாகப் பிறக்கும். பார்க்கிறவர் "டெரியர் கலப்பு" என்பார். அதன் பரம்பரையில் ஒரு டெரியர்கூட இருந்திருக்காது! மறுபக்கம், பார்க்கத் தெரு நாயாகவே இருக்கும் இரண்டு நாய்கள் நீள முடி மரபணுவை உள்ளே ஒளித்து வைத்திருந்தால், புசுபுசுவென்று ஒரு குட்டி பிறக்கும். அதை "லாசா" என்று எழுதிவிடுவோம்.

நாட்டு நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல இனங்கள் கலந்து கெட்டுப்போனதுதான் தெரு நாய் என்று பலர் நினைக்கிறார்கள். தலைகீழ். நாம் இன்று இனம் என்று சொல்வதில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டில் நாய்க் கண்காட்சி மோகத்தில் பட்டியல் போட்டு இறுக்கப்பட்டவை. லண்டனில் கெனல் கிளப் தொடங்கியதே 1873-ல்தான். நம் ஊர்த் தெரு நாயின் வழி அதைவிட எவ்வளவோ பழசு. இனம் பிரிப்பதற்கு முன்பிருந்தே இருக்கிற நாய் அது. அதைப் பார்த்து "என்ன கிராஸ்?" என்று கேட்பதே அபத்தம்.

நம்ம ஊர் பொமரேனியன்

இனம் கண்டுபிடிப்பதில் நாம் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பதற்கு வெளிநாட்டு ஆய்வே வேண்டாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் ஊரில் கொஞ்சம் வசதியான வீட்டு வாசலில் வெள்ளையாக ஒரு சடை நாய் இருக்குமே, நினைவிருக்கிறதா? கேட்டில் கை வைத்தால் வாள் வாளென்று கத்தும். பெயர் ஜிம்மி, டாமி, பப்பி இப்படி. என்ன நாய் என்றால் ஊரே "பொமரேனியன்" என்று சொல்லும். 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தில் டஃபி என்று ஒரு நாய் கலக்கியதே, அதையும் அப்படித்தான் சொன்னார்கள்.

கெனல் கிளப் விதிப்படி பொமரேனியன் என்பது மூன்று கிலோவுக்குள் நிற்கும் குட்டி. நம் வாசலில் நின்றது இந்தியன் ஸ்பிட்ஸ். எடை, மூஞ்சி நீளம், முடி எல்லாம் வேறு. வெயில் தாங்குவதும் வேறு. பல பத்தாண்டுகள், கோடிக்கணக்கான மக்கள், ஒரு நாயைத் தினமும் பார்த்துப் பார்த்துத் தப்பான பெயர் சொல்லி அழைத்திருக்கிறோம். அந்தத் தவறால் ஜிம்மிக்கு ஒரு குறையும் வரவில்லை, நமக்கும் வரவில்லை என்பதுதான் இதில் பாடம். தயிர் சாதம் தின்றுவிட்டுப் பன்னிரண்டு வருஷம் வீட்டைக் காத்தது. பெயர் எதுவாக இருந்தால் என்ன?

கேட்டால் என்ன குடி முழுகிவிடும்?

முழுகுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்று. திரும்பி வரும் நாய்கள். மூன்று மாதக் குட்டி ஒன்றை "லாசா கலப்பு" என்று நம்பி நம்மவர் குடும்பம் ஒன்று எடுத்துப் போனது. குட்டியில் எல்லாமே பந்து மாதிரிதான் இருக்கும். ஒன்பது மாதத்தில் கால் நீண்டது, முடி சொரசொரப்பானது, காது விறைத்து நின்றது. வீட்டில் எங்கேயும் அசிங்கம் செய்வதில்லை. குழந்தையின் கட்டிலுக்கடியில்தான் படுக்கும். ஆனாலும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? "சார், இது டூப்ளிகேட்." செல்போன் சார்ஜரைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. அது இரண்டு நாள் தட்டைத் தொடாமல் கேட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அந்த அட்டையில் 'லாசா' என்ற சொல் இல்லாமல் இருந்திருந்தால் அந்த நாய் இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருந்திருக்கும். இது என் உறுதியான அபிப்பிராயம்.

இரண்டு. வியாபாரம். காப்பகத்தில் 'சுத்தமான' ஷிட்ஸு கிடைக்கவில்லை என்றதும் அடுத்த போன் குட்டி விற்கிறவருக்குப் போகிறது. 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சின்னப் பையனின் பின்னாலேயே நடந்ததும், நாடு முழுக்க பக் கேட்டு அலைந்தார்களே, அந்தக் கூத்து எல்லோருக்கும் தெரியும். இந்தத் தேவைக்குக் குட்டி எங்கிருந்து வருகிறது? நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பதற்கான மத்திய அரசு விதிகள் 2017-ல் வந்தன. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, பதினெட்டு மாதம் ஆகாத பெண் நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. விதி இருக்கிறது. ஆனால் எங்கள் காப்பகத்து மேஜைக்கு வருகிற சின்ன நாய்களைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். ஓய்வில்லாமல் ஈன்று ஈன்று காம்புகள் தொங்கிப்போன, பல்லெல்லாம் காறை படிந்த, கூண்டிலேயே கிடந்து பாதம் மெத்தென்று இருக்கும் பெண் நாய்கள். குட்டி போடுவது நின்றதும் கழித்துவிடப்பட்டவை. நாம் கேட்கிற 'ஜாதி'க்கு விலை கொடுத்தது இவைதான்.

மூன்று. இதுதான் பெரிய கொடுமை. ஐந்தாறு கிலோவில், முடி கொட்டாத, அமைதியான, வயசுக்கு வந்த சின்ன நாய்கள் காப்பகத்தில் வருஷக்கணக்காகக் கிடக்கின்றன. ஃப்ளாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான நாய் கிடையாது. ஆனால் அட்டையில் 'தேசி' என்றோ 'மிக்ஸ்' என்றோ இருக்கிறது. யாரும் நிற்பதில்லை.

அட்டையில் உள்ள ஒரு சொல் இவ்வளவு செய்யுமா என்றால், செய்யும். அமெரிக்காவில் 'பிட்புல்' என்று எழுதப்பட்ட நாய்கள், அதே மாதிரி தோற்றம் உள்ள ஆனால் வேறு பெயர் எழுதப்பட்ட நாய்களைவிட மூன்று மடங்குக்கு மேல் நாட்கள் தத்துக்குக் காத்திருந்தன என்று 2016-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அதே ஆய்வில், ஃபுளோரிடாவில் ஒரு காப்பகம் 2014-ல் அட்டையில் இனம் எழுதுவதையே நிறுத்திய பிறகு, தத்துப் போவது கூடியது. அந்தத் தோற்றம் கொண்ட நாய்களுக்கு மட்டுமில்லை, மற்றவற்றுக்கும்தான்.

நம் ஊரிலும் இந்தக் கூத்து நடந்தது. 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை, 23 வகை நாய்களையும் அவற்றின் கலப்புகளையும் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அது பெரிய நாய்கள் சமாச்சாரம், நமக்கு இங்கே வேண்டாம். ஆனால் ஒரு கேள்வி. ஒரு நாய் எதன் 'கலப்பு' என்று யார், எதை வைத்துச் சொல்வார்கள்? திரும்பவும் மூஞ்சியைப் பார்த்துத்தானே?

வழக்கமான எதிர்வாதங்கள்

"இனம் தெரிஞ்சாத்தானே குணம் தெரியும்?" தெரியாது. 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டு, அதில் 2,000-க்கும் மேற்பட்டவற்றின் டி.என்.ஏ.வையும் படித்தது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். கலப்பு நாயில், அதுவும் ஊகித்துச் சொன்ன இனத்தில், என்ன மிஞ்சும்?

"இனத்துக்கு இனம் நோய் மாறுமே?" மாறும். ஒத்துக்கொள்கிறேன். பக், ஷிட்ஸு மாதிரி மூக்கு சப்பையான நாய்கள் டெல்லி வெயிலில் மூச்சுக்குத் திணறும். ஆனால் சப்பை மூக்கைப் பார்க்க அட்டை எதற்கு? கண் இருக்கிறதே. முடியைத் தினமும் சீவ வேண்டுமா என்பதும் தொட்டுப் பார்த்தால் தெரிகிறது. உடம்பில் இருப்பதை உடம்பில் பாருங்கள்.

"கலப்புன்னா எவ்ளோ பெருசாகும்னு தெரியாதே?" அப்படியானால் குட்டியை எடுக்காதீர்கள். இரண்டு வயது நாயை எடுங்கள். எடை மெஷினில் நிறுத்தினால் ஆறு கிலோ என்று காட்டும். அடுத்த வருஷமும் ஆறு கிலோதான், நீங்கள் நெய் சோறு போட்டுக் கெடுக்காத வரை :-)

"நாட்டு நாய் இனங்களைக் காப்பாத்தணும்னு சொல்றாங்களே, அது தப்பா?" இல்லவே இல்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் பெற்றோர் தெரிந்து, பொறுப்பாக வளர்க்கப்பட வேண்டிய இனங்கள். இனமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பெற்றோர் யாரென்றே தெரியாமல் வந்த நாய்க்கு, மூஞ்சியைப் பார்த்து இனம் எழுதாதே என்கிறேன்.

"அசோசியேஷன்ல சின்ன ஜாதி நாய் மட்டும்தான் அனுமதிப்பாங்களாம்." இது பொய். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே தெளிவாகச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது. சின்ன நாய் வைத்துக்கொள்ளலாம், பெரிய நாய் கூடாது என்று சொல்லவும் முடியாது. அந்த வாரியம் 1962-ல் ருக்மணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கியது. சென்னையில்தான் பல காலம் இருந்தது. 2018-ல் ஹரியானாவில் பல்லப்கருக்கு மாறி வந்துவிட்டது, நம்மை மாதிரியே. அதன் சுற்றறிக்கையை அச்செடுத்துச் சங்கத்துச் செயலாளர் கையில் கொடுங்கள்.

அப்ப என்னதான் கேட்பது?

கேட்க நிறைய இருக்கிறது. ஜாதியில் நேரத்தை வீணாக்காமல் இதைக் கேளுங்கள்.

1. வயசு என்ன, எப்படிச் சொல்கிறீர்கள்? ஏழு மாதத்துக்குள் நிரந்தரப் பல் வந்துவிடும். அதற்கு மேல் தேய்மானமும் காறையும் பார்த்துச் சொல்வதுதான். சின்ன நாய்களுக்குப் பல் சீக்கிரம் கெடும். வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

2. இப்போது எடை எவ்வளவு? வந்தபோது எவ்வளவு?

3. உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்தாச்சா? வெறிநாய்த் தடுப்பூசியும் மற்ற தடுப்பூசிகளும் எந்தத் தேதியில் போட்டது? அட்டையில் தேதி இருக்கிறதா?

4. கருத்தடை ஆகிவிட்டதா? பெண் நாய் என்றால் மடியில் கட்டி ஏதாவது இருக்கிறதா?

5. நடக்கவிட்டுப் பாருங்கள். பின்னங்காலை அடிக்கடி தூக்கிக்கொண்டு நொண்டினால் முழங்கால் சில்லு நழுவுகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். சின்ன நாய்களில் அது சகஜம். கழுத்துப் பட்டையை இழுத்தால் வாத்து மாதிரி இருமினால் மூச்சுக்குழாயைக் கவனிக்க வேண்டும், கழுத்துக்குப் பதில் நெஞ்சுப் பட்டை போட வேண்டும்.

6. குழந்தை பக்கத்தில் போனால் என்ன செய்கிறது? தட்டில் கை வைத்தால் உறுமுகிறதா? லிஃப்ட், குக்கர் விசில், தீபாவளி வெடி இதற்கெல்லாம் எப்படி? புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஆபீஸ் போய்விட்டால் எட்டு மணி நேரம் தனியாக இருக்குமா?

கடைசியாக, உங்களையே கேட்டுக்கொள்ள ஒன்று. மே மாதம் ஊருக்குப் போகும்போது நாயை என்ன செய்வீர்கள்? ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பில் ஒரு கூப்பேயோ கேபினோ முழுதாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டு வண்டிப் பெட்டியில்தான் போகும். டெல்லியிலிருந்து சென்னைக்கு ஒன்றரை நாள் பயணம். இந்தக் கேள்விக்கு விடை இல்லாத வீட்டுக்கு எந்த ஜாதி நாயும் பொருந்தாது. ஜூன் மாதம் காப்பகம் நிரம்பி வழிவதற்கு இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்காததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

காப்பகம் நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறீர்கள், 'ஷிட்ஸு' என்று போட்டால் சீக்கிரம் வீடு கிடைக்கும் என்று. கிடைக்கிறது, திரும்பியும் வருகிறது. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு எடை, உயரம், முடி, குணம் என்று நாலு கட்டம் போடுங்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவது அந்த நாய்க்குச் செய்கிற உதவி இல்லை.

வீடு மாறி, ஊர் மாறி, பாஷை மாறி வந்து பிழைக்கிறவர்கள் நாம். எங்கே பிறந்தாய், யாருக்குப் பிறந்தாய் என்று கேட்காமல், உனக்கு என்ன வேலை தெரியும், எப்படிப் பழகுவாய் என்று கேட்டவர்கள் கொடுத்த இடத்தில்தான் இன்றைக்கு நிற்கிறோம். அந்த மரியாதையை ஒரு சின்ன நாய்க்கும் கொடுத்துவிட்டுப் போவோமே.